கன்ஜி எழுதும்போது எந்தக் கோடு முதலில்? ஜப்பானிய, சீன மொழி படிப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம். தாம்பரத்தை ஒட்டிய இந்தப் பகுதிகளிலிருந்து வண்டலூர் - வாலாஜாபாத் சாலை வழியாக ஒரகடம் எட்டிவிடும் தூரம்தான். 2010-ல் உற்பத்தி தொடங்கிய ரெனோ - நிஸான் ஆலை, கொமாட்சு, பக்கத்திலேயே வல்லம் வடகாலில் யமஹா என ஜப்பானியப் பெயர்கள் வரிசையாக நிற்கும் பகுதி அது. இன்னொரு பக்கம், 2021 ஜனவரியில் இந்தியாவும் ஜப்பானும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு, 'குறிப்பிட்ட திறன் பணியாளர்' விசாவில் ஜப்பானுக்கே வேலைக்குப் போகும் வழியும் திறந்திருக்கிறது.

இதனால் ஜப்பானிய மொழி படிக்க ஆரம்பிப்பவர்கள் முதல் சில வாரங்களை உற்சாகமாகக் கடந்துவிடுகிறார்கள். ஹிரகானா, கதகானா என்ற இரண்டு ஒலியெழுத்து வரிசைகளும் நம் நெடுங்கணக்கு மாதிரியே 'அ, இ, உ, எ, ஒ' என்று போவதால் தமிழர்களுக்குப் பெரிய சிரமம் இல்லை. பிரச்சினை அடுத்து வருகிறது. அதுதான் கன்ஜி. குடிக்கிற கஞ்சி இல்லை. சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போன சித்திர எழுத்துகள்.

எழுத்தைப் பார்த்து அப்படியே வரைந்து காட்டினால், "உருவம் சரி, வரிசை தப்பு" என்று ஆசிரியர் சொல்லுவார். எந்தக் கோட்டை முதலில் போடணும், எந்தத் திசையில் இழுக்கணும், எதைக் கடைசியில் போடணும் என்பதற்கெல்லாம் ஒரு ஒழுங்கு இருக்கிறது. இதைத்தான் 'ஸ்ட்ரோக் ஆர்டர்' என்கிறார்கள். சீனத்தில் 'பீஷுன்', ஜப்பானியத்தில் 'ஹிட்சுஜுன்'. தமிழில் கோட்டு வரிசை என்று சொல்லலாம்.

தேர்வில் இதைக் கேட்கிறார்களா? கேட்கவில்லை என்றால் எதற்காகப் படிக்கணும்? வேலைக்கும் போய்க்கொண்டு, ஷிப்ட் முடிந்து ராத்திரி ஒரு மணி நேரம் படிப்பவருக்கு இது நியாயமான கேள்வி. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கோட்டு வரிசை என்றால் என்ன?

ஒவ்வொரு சீன எழுத்தும் கோடுகளால் ஆனது. பேனாவைத் தாளில் வைத்து, எடுக்கும் வரை இழுப்பது ஒரு கோடு. நடுவில் வளைந்தாலும் மடங்கினாலும் அது ஒரே கோடுதான்.

இங்கேதான் முதல் குழப்பம். 'வாய்' என்ற பொருள் தரும் எழுத்து பார்ப்பதற்கு ஒரு சதுரக் கட்டம். கட்டத்துக்கு நான்கு பக்கம், அதனால் நான்கு கோடு என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் மூன்றுதான். இடப்பக்கம் மேலிருந்து கீழே ஒன்று. மேல்பக்கம் இடமிருந்து வலமாகப் போய், பேனாவை எடுக்காமல் அப்படியே மடங்கிக் கீழே இறங்குவது இரண்டாவது. அடிக்கோடு மூன்றாவது. இதே கணக்கில், நடுவில் ஒரு கோடு கூடுதலாக உள்ள 'சூரியன்' எழுத்துக்கு ஐந்து இல்லை, நான்கு கோடுகள்.

கோடுகளின் வகைகளும் கைவிட்டு எண்ணிவிடக்கூடியவை. சீனாவின் அரசுத் தரநிலை ஐந்து அடிப்படை வகைகளாகப் பிரிக்கிறது: படுக்கைக் கோடு, செங்குத்துக் கோடு, இடப்பக்கம் சாயும் கோடு, புள்ளி, மடங்கும் கோடு. வலப்பக்கம் சாயும் கோடு புள்ளி வகையிலேயே அடங்கிவிடும். தூரிகைக் கையெழுத்துக் கலையில் எட்டு அடிப்படை இழுப்புகள் என்று சொல்லுவார்கள். 'என்றென்றும்' என்று பொருள்படும் ஐந்து கோட்டு எழுத்தில் அந்த எட்டும் வந்துவிடுவதால், தூரிகை பழகுகிறவர்கள் அந்த ஒரு எழுத்தையே திரும்பத் திரும்ப எழுதுவது நீண்ட கால மரபு.

எட்டு விதிகள் போதும்

ஆயிரக்கணக்கான எழுத்துக்கும் தனித்தனியாக வரிசையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பெரும்பாலான எழுத்துகள் கீழே உள்ள எட்டு விதிகளுக்குள் அடங்கிவிடும்.

1. மேலிருந்து கீழே. 'மூன்று' என்பது ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று படுக்கைக் கோடுகள். மேல்கோடு முதலில், அடிக்கோடு கடைசியில்.

2. இடமிருந்து வலம். 'ஆறு' (ஓடுகிற ஆறு) என்பது பக்கத்துப் பக்கத்தில் இறங்கும் மூன்று கோடுகள். இடப்பக்கக் கோட்டில் ஆரம்பிக்கணும்.

3. படுக்கைக் கோடும் செங்குத்துக் கோடும் வெட்டிக்கொண்டால், படுக்கைக் கோடு முதலில். 'பத்து' என்பது நம் கூட்டல் குறி மாதிரியே இருக்கும். குறுக்கே போட்டுவிட்டு, அப்புறம் மேலிருந்து கீழே.

4. இடச்சாய்வு முதலில், வலச்சாய்வு பிறகு. 'மனிதன்' என்பது இரண்டு கால்களை அகட்டி நிற்பது போன்ற எழுத்து. இடக்கால் முதலில்.

5. இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் நடு முதலில். 'சிறிய' என்ற எழுத்தில் நடுவில் ஒரு கொக்கிக் கோடு, இரு பக்கமும் இரண்டு சிறு கோடுகள். நடு, இடம், வலம் என்று போகணும். 'தண்ணீர்' எழுத்தும் நடுக் கொக்கியில்தான் தொடங்கும்.

6. வெளிச்சுவர் முதலில், உள்ளே இருப்பது பிறகு. 'நிலா' எழுத்தில் வெளிக்கூட்டைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே இரண்டு சிறு கோடுகள்.

7. கதவைக் கடைசியில் மூடு. 'நாடு' என்ற எழுத்து, ஒரு மதிலுக்குள் 'மரகதம்' போன்ற மணிக்கல்லைக் குறிக்கும் எழுத்தை வைத்தது மாதிரி இருக்கும். மூன்று பக்க மதிலை எழுப்பி, உள்ளே கல்லை வைத்து, கடைசியாக அடிக்கோட்டை இழுத்து மூடணும். மொத்தம் எட்டு கோடுகள்.

8. ஊடுருவிப் போகும் கோடு கடைசியில். 'நடு' என்ற எழுத்து, ஒரு கட்டத்தின் குறுக்கே மேலிருந்து கீழே ஒரு கம்பி செருகியது போல இருக்கும். கட்டம் முழுசாக முடிந்த பிறகுதான் கம்பி.

விதி இருந்தால் விலக்கும் இருக்கும். 'பாதை' என்ற எழுத்தில் இடப்பக்கமாக இறங்கிக் கீழே நீளும் 'நடை' உறுப்பு ஒன்று இருக்கிறது. இடப்பக்கம் என்பதால் அதை முதலில் எழுதத் தோன்றும். ஆனால் அது கடைசியில்தான் வரும். மேலே உள்ளதை எழுதி முடித்துவிட்டு, அதைத் தாங்குகிற வண்டி மாதிரி கீழே இழுத்துவிடுவார்கள்.

தமிழ்க் கை எங்கே தடுமாறுகிறது?

கட்ட வடிவ எழுத்தை நம்மில் பலர் தவறான வரிசையில் எழுதுவதற்குக் காரணம் கவனக்குறைவு இல்லை. சிறுவயதிலிருந்து கை பழகிய பழக்கம். தமிழ் 'ப'வை எப்படி எழுதுகிறோம்? இடப்பக்கம் கீழே இறங்கி, அடியில் வலப்பக்கம் போய், அப்படியே மேலே ஏறி முடிக்கிறோம். அந்தப் பழக்கத்தில் கட்டத்தைப் போடச் சொன்னால், முதலில் ஒரு 'ப' போட்டு, மேலே மூடி வைத்துவிடுவோம். சீன எழுத்து முறையில் இது இரண்டு வகையிலும் தவறு. அடிக்கோடு கடைசியில் வரணும். செங்குத்துக் கோடு கீழிருந்து மேலே ஏறவே கூடாது.

இதற்கு நம் எழுத்திலேயே ஒரு நினைவுக் குறிப்பு உண்டு. 'கா' என்பதில் வரும் துணைக்காலை நினைத்துக்கொள்ளலாம். துணைக்கால் மாதிரி மூன்று பக்கத்தைப் போடு, பிறகு அடியில் கோடு இழு. வாய், சூரியன், நாடு எல்லாவற்றுக்கும் கூடு இப்படித்தான். ஆனால் துணைக்காலை ஒரே இழுப்பில் போடாமல், இடக்கோட்டைத் தனியாகவும் மடங்கும் கோட்டைத் தனியாகவும் போடணும்.

சில இடங்களில் தமிழ் கைகொடுக்கவும் செய்கிறது. 'மலை' எழுத்துக்கு மூன்று கோடுகள். நடுவில் உயரமான கோடு முதலில். இரண்டாவது கோடு, கீழே இறங்கி வலப்பக்கம் மடங்குவது; அது அச்சு அசலாக நம் 'ட'தான். மூன்றாவது, வலப்பக்கச் சிறு கோடு.

கைவரிசையும் ஒலிவரிசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதும் தமிழர்களுக்குப் புதுசு இல்லை. 'கெ' என்று எழுதும்போது ஒலியில் பின்னால் வரும் எகரத்தின் கொம்பை முதலில் போட்டுவிட்டு, அப்புறம்தான் 'க'வை எழுதுகிறோம். 'கொ' என்றால் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. குழந்தைகள் முதலில் 'க'வை எழுதிவிட்டு, கொம்புக்கு இடம் இல்லாமல் இடுக்கிப் போடுவதை எந்த ஒன்றாம் வகுப்பு நோட்டிலும் பார்க்கலாம். வரிசை தப்பினால் இடம் தப்பும் என்பதற்கு அதைவிட எளிய உதாரணம் வேண்டாம்.

இந்த வரிசை ஏன் வந்தது?

காரணம் கருவிதான். சீன எழுத்து வளர்ந்தது தூரிகையிலும் மையிலும். ஈரமான மையில் எழுதும் வலக்கைக்காரர் மேலிருந்து கீழே, இடமிருந்து வலம் என்று போனால்தான் போட்ட கோடு கையில் அழியாது. ஒரு கோடு முடியும் இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த கோடு தொடங்கினால் கை வீணாக அலையாது. நூற்றாண்டுக்கணக்காக எழுதி எழுதித் தேய்ந்து வந்த வழித்தடத்தைத்தான் பிற்காலத்தில் விதி என்று எழுதிவைத்தார்கள்.

பனையோலையில் எழுத்தாணியால் கீறியதால் தமிழ் எழுத்து வளைவு வளைவாக ஆனது என்று சொல்வதுண்டு. நேர்க்கோடு ஓலையைக் கிழித்துவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அங்கே தூரிகை, இங்கே எழுத்தாணி. கருவி மாறினால் கையின் போக்கும் மாறுகிறது.

சீனாவும் ஜப்பானும் ஒரே வரிசையா?

பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. இரண்டு மொழியையும் படிப்பவர்கள், அல்லது சீன மொழி வீடியோவைப் பார்த்து ஜப்பானியப் பாடத்துக்குப் பயிற்சி எடுப்பவர்கள் இங்கே சிக்கிக்கொள்வார்கள்.

'ராஜா' என்ற எழுத்து நல்ல உதாரணம். மூன்று படுக்கைக் கோடுகள், நடுவில் ஒரு செங்குத்து. சீனாவில் மேல் இரண்டு படுக்கைக் கோடுகளையும் போட்டுவிட்டுச் செங்குத்து, பிறகு அடிக்கோடு. ஜப்பானில் முதல் படுக்கைக் கோடு முடிந்ததுமே செங்குத்து. அப்புறம்தான் மற்ற இரண்டும்.

'இடது', 'வலது' எழுத்துகளில் இன்னும் வேடிக்கை. இரண்டுக்கும் மேல்பாதி ஒரே உருவம்: ஒரு படுக்கைக் கோடு, ஒரு இடச்சாய்வு. சீனாவில் இரண்டிலும் படுக்கைக் கோடுதான் முதலில். ஜப்பானில் 'இடது' எழுத்துக்குப் படுக்கைக் கோடு முதலில், 'வலது' எழுத்துக்குச் சாய்வு முதலில்.

அரசு அளவில் ஒவ்வொரு இடமும் தனித்தனித் தரநிலை வைத்திருக்கிறது. ஜப்பான் கல்வி அமைச்சகம் 1958-ல் பள்ளிகளில் அப்போது கற்பிக்கப்பட்ட 881 எழுத்துகளுக்கு வழிகாட்டி வெளியிட்டது. தைவான் 1996-ல் கையேடு கொண்டுவந்தது. சீனா 1997-ல் 7,000 எழுத்துகளுக்குத் தரநிலை வகுத்தது. 2021 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தரநிலை 8,105 எழுத்துகளுக்கு வரிசை சொல்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. ஜப்பானின் 1958 வழிகாட்டியே, தான் காட்டும் வரிசை கற்பித்தலில் குழப்பம் வராமல் இருப்பதற்காகத்தான் என்றும், இதில் இடம்பெறாத மற்ற வரிசைகளைத் தவறு என்று சொல்லவில்லை என்றும் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆக, கோட்டு வரிசை என்பது கடவுள் கட்டளை இல்லை. பலரும் ஒரே மாதிரி எழுதினால் நல்லது என்ற ஏற்பாடு.

உருவமே மாறுவதும் உண்டு

சில எழுத்துகளில் வரிசை மட்டும் இல்லை, கோடுகளின் எண்ணிக்கையே நாட்டுக்கு நாடு மாறும். சீன அரசு 1956-ல் எழுத்து எளிமையாக்கலை அறிவித்தது. 'குதிரை' எழுத்துக்குப் பழைய வடிவத்தில் 10 கோடுகள். ஜப்பானிலும் தைவானிலும் இன்றும் அதுதான். சீனாவின் எளிய வடிவத்தில் மூன்றே கோடுகள். 'நாடு' எழுத்தின் பழைய வடிவத்துக்கு 11 கோடுகள். இன்று சீனா, ஜப்பான் இரண்டிலும் எட்டு.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. பெரியார் முன்வைத்த எழுத்துச் சீர்திருத்தத்தை எம்.ஜி.ஆர். அரசு 1978 அக்டோபரில் ஆணையாக்கியபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. தும்பிக்கை வைத்த பழைய 'லை'யை எழுதிப் பழகிய தாத்தா பாட்டியின் கையெழுத்தைப் படிக்கப் பேரப்பிள்ளைகள் கொஞ்சம் திணறுவது அதனால்தான்.

எனவே பயிற்சியைத் தொடங்கும் முன்பே, எந்த நாட்டு வடிவத்தைப் படிக்கிறோம் என்பதை முடிவு செய்துகொள்ளணும். ஜப்பானியம் படிப்பவர் ஜப்பானிய அகராதியின் வரைபடத்தையே பார்ப்பது நல்லது.

தேர்வில் கேட்பார்களா?

நேரடியான பதில்: ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜே.எல்.பி.டி.யில் கேட்பதில்லை. சென்னையில் ஏ.பி.கே. - ஏ.ஓ.டி.எஸ். தோசொகாய் தமிழ்நாடு மையம் நடத்தும் இந்தத் தேர்வு என்5 முதல் என்1 வரை ஐந்து நிலைகள் கொண்டது. எல்லாமே விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். ஒரு எழுத்தைக்கூடக் கையால் எழுத வேண்டியதில்லை. திறன் பணியாளர் விசாவுக்குப் பெரும்பாலான துறைகளில் கேட்கப்படுவது என்4 அல்லது ஜே.எஃப்.டி. பேசிக். இரண்டாவது முழுக்கக் கணினியிலேயே நடக்கும் தேர்வு.

ஜப்பானியர்களே எழுதும் 'கன்ஜி கென்தெய்' என்ற தேர்வின் தொடக்க நிலைகளில் மட்டும், இந்தக் கோடு எத்தனையாவதாக வரும் என்ற கேள்விகள் உண்டு.

சீன மொழிக்கான எச்.எஸ்.கே. தேர்வில் மேல்நிலைகளில் எழுத்துப் பகுதி இருக்கிறது. அதைக் கணினியில் எழுதுபவர்கள் தட்டச்சு செய்கிறார்கள். 2021 ஜூலையில் சீனா நடைமுறைப்படுத்திய புதிய தரநிலை இந்த விஷயத்தில் வெளிப்படையாகவே ஒரு கோடு கிழித்திருக்கிறது. வெளிநாட்டு மாணவர் படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய எழுத்துகள் 3,000. கையால் எழுதத் தெரிந்திருக்க வேண்டியவை 1,200 மட்டும்.

சீனம் படிக்க நினைக்கும் பள்ளி மாணவர்களின் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு தகவல்: 2019-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை வரைவில் வெளிநாட்டு மொழிகளுக்கான உதாரணங்களில் சீனமும் இருந்தது. 2020-ல் வெளியான இறுதிக் கொள்கையில் கொரியம், ஜப்பானியம், தாய் போன்றவை இருக்கின்றன, சீனம் இல்லை.

அப்புறம் எதற்குப் படிக்கணும்?

தேர்வுக்கு வெளியே நான்கு காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, தேடல். தெரியாத எழுத்து ஒன்றைப் பெயர்ப்பலகையில் பார்க்கிறோம். உச்சரிப்பு தெரியாததால் தட்டச்சு செய்ய முடியாது. செல்போனில் விரலால் எழுதித்தான் தேடணும். எழுத்தை அடையாளம் காணும் பல செயலிகள் உருவத்தோடு கோடுகளின் எண்ணிக்கை, திசை, வரிசை ஆகியவற்றையும் கணக்கில் எடுக்கின்றன. சீனாவில் வயதானவர்கள் பலர் பயன்படுத்தும் ஐந்து விசை முறை முழுக்க முழுக்க வரிசையை நம்பியே இருக்கிறது. படுக்கைக் கோடு 1, செங்குத்து 2, இடச்சாய்வு 3, புள்ளி அல்லது வலச்சாய்வு 4, மடங்கும் கோடு 5. 'மரம்' வேண்டும் என்றால் 1-2-3-4. 'வாய்' என்றால் 2-5-1. வரிசை தப்பினால் வேறு எழுத்துதான் வரும்.

இரண்டாவது, அடுத்தவர் கையெழுத்தைப் படிப்பது. அச்செழுத்தைப் படித்துத் தேர்வில் தேறியவர்கள், ஜப்பானிய மேலாளர் கையால் கிறுக்கிய குறிப்பைப் பார்த்துத் திகைப்பார்கள். வேகமாக எழுதும்போது ஒரு கோட்டின் முனையும் அடுத்த கோட்டின் தொடக்கமும் ஒட்டிக்கொள்ளும். எது எதோடு ஒட்டும் என்பதை வரிசை தெரிந்தவரால் ஊகிக்க முடியும். ஹிரகானா எழுத்துகளே இப்படி வேகமாக எழுதிய சீன எழுத்துகளிலிருந்து பிறந்தவைதான். ஹிரகானாவின் 'அ', 'அமைதி' என்று பொருள்படும் சீன எழுத்தின் வேகவடிவம்.

மூன்றாவது, நம் கையெழுத்தை மற்றவர் படிப்பது. ஜப்பானில் குடியேறியதும் உள்ளாட்சி அலுவலகத்தில் முகவரி பதிவு செய்வது தொடங்கி, கையால் நிரப்ப வேண்டிய படிவங்கள் வரும். வரிசைப்படி எழுதினால் உறுப்புகளின் அளவும் இடைவெளியும் ஓரளவு தானாகவே அமையும்.

நான்காவது, ஞாபகம். ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப எழுதும்போது எழுத்து கண்ணில் மட்டும் இல்லாமல் கையிலும் பதிகிறது. பெய்ஜிங் பள்ளிக் குழந்தைகளை வைத்து லி ஹாய் டான் குழுவினர் செய்து, 2005-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமி இதழில் வெளியான ஆய்வு, சீன மொழியில் வாசிப்புத் திறன் எழுதும் திறனோடு நெருக்கமாகப் பிணைந்திருப்பதைக் காட்டியது. 2013-ல் அதே இதழில் வந்த அவரது இன்னொரு ஆய்வு, உச்சரிப்பைத் தட்டச்சு செய்யும் முறையை அதிகம் பயன்படுத்தும் குழந்தைகளின் வாசிப்புத் திறன் குறைவாக இருப்பதைச் சுட்டிக்காட்டியது. இவை கையால் எழுதுவதைப் பற்றிய ஆய்வுகள். கோட்டு வரிசையைத் தனியாகப் பிரித்துச் சோதித்தவை இல்லை என்பதையும் சேர்த்தே புரிந்துகொள்ளணும்.

சீனர்களுக்கே இந்தச் சிக்கல் இருக்கிறது. நாள் முழுக்க செல்போனில் தட்டுவதால், பேனாவை எடுத்ததும் எழுத்து மறந்துபோகிற நிலையைக் குறிக்க அவர்கள் மொழியில் நான்கெழுத்துத் தொடரே புழங்குகிறது.

எத்தனை எழுத்து பழகணும்?

ஜப்பான் அரசு 2010-ல் திருத்திய பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 2,136 எழுத்துகள் இருக்கின்றன. ஜப்பானியக் குழந்தைகள் ஆறு வருடத் தொடக்கப் பள்ளியில் 1,026 எழுத்துகளைப் படிக்கிறார்கள். முதல் வகுப்பில் 80 மட்டும். அதாவது, தாய்மொழிக் குழந்தைக்கே ஒரு முழு வருடத்துக்கு 80.

என்5 நிலைக்குச் சுமார் 100 எழுத்துகள் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லுவார்கள். தேர்வு நடத்துபவர்கள் அதிகாரபூர்வப் பட்டியல் எதையும் இப்போது வெளியிடுவதில்லை. ஆனாலும் அந்த நூறு எழுத்து கோட்டு வரிசைக்கு நல்ல எல்லை. எண்கள், கிழமைகள், மரம், மலை, ஆறு, வாய், கை, மனிதன் போன்ற இந்த எழுத்துகளே பின்னால் வரும் பெரிய எழுத்துகளுக்குள் உறுப்புகளாக உட்கார்ந்துகொள்ளும். மரம் இரண்டு சேர்ந்தால் தோப்பு. மூன்று சேர்ந்தால் காடு. மரத்தின் நான்கு கோடுகளை ஒழுங்காகப் பழகியவருக்குக் காட்டின் 12 கோடுகள் புதிய பாடம் இல்லை. 1716-ல் முடிக்கப்பட்ட காங்சி அகராதி 47,000-க்கும் மேற்பட்ட எழுத்துகளை 214 தலைமை உறுப்புகளுக்குக் கீழ் அடுக்க முடிந்ததும் இந்தக் கட்டமைப்பால்தான்.

வீட்டில் பயிற்சி எடுப்பது எப்படி?

தனியாக நோட்டு வாங்க வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும். இரண்டுக்கு இரண்டு என நான்கு சிறு கட்டங்களைச் சேர்த்து ஒரு பெரிய கட்டமாக எடுத்துக்கொண்டால் நடுவில் தானாகவே ஒரு சிலுவைக் கோடு கிடைக்கும். சீனப் பள்ளிகளில் பயன்படுத்தும் பயிற்சிக் கட்டம் ஏறக்குறைய இதே அமைப்புதான். எழுத்தின் எந்தப் பகுதி எந்தக் கால்பாகத்தில் விழுகிறது என்று பார்த்துக்கொண்டு எழுதலாம்.

ஒரே எழுத்தை ஐம்பது முறை எழுதுவது பலன் குறைந்த வழி. பத்தாவது முறைக்குப் பிறகு கை மட்டும்தான் ஓடும். ஒவ்வொரு கோட்டுக்கும் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு மூன்று முறை பார்த்து எழுதி, மூடிவைத்துவிட்டு ஞாபகத்திலிருந்து இரண்டு முறை எழுதிப் பார்க்கலாம். கோட்டு எண்ணிக்கை அகராதியோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்தாலே பாதித் தவறு பிடிபட்டுவிடும். மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் அதே எழுத்தைத் திரும்ப எழுதிப் பார்க்கணும்.

வரிசையைப் பார்க்க, 'ஜிஷோ' போன்ற இலவச இணைய அகராதிகளில் கோடு கோடாக வளரும் வரைபடங்கள் கிடைக்கின்றன. சீன மொழிக்கு 'பிளெகோ' செயலி இருக்கிறது.

இடக்கைப் பழக்கம் உள்ளவர்களும் இதே வரிசையில்தான் பழகுகிறார்கள். நோட்டைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொண்டு, மை சீக்கிரம் காயும் பேனாவைப் பயன்படுத்தினால் போதும். கையை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

தமிழும் சீனமும் ஒரே கல்லில்

இந்த இரண்டு எழுத்துகளும் சந்தித்துக்கொள்வது ஒரகடத்துத் தொழிற்சாலைகளால் வந்த புதுப் பழக்கம் இல்லை. சீனாவின் சுவான்சோ துறைமுக நகரில் கிடைத்த கி.பி. 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டின் கடைசி வரி சீன எழுத்தில் இருக்கிறது. அங்கே தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் வைத்திருந்த காலம் அது. இலங்கையின் காலி நகரில் 1911-ல் கண்டெடுக்கப்பட்ட, 1409 தேதியிட்ட கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் இருக்கின்றன. சீனக் கடற்படைத் தளபதி ட்செங் ஹே கொண்டுவந்த அந்தக் கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மலேசியாவில் சீனத் தொடக்கப் பள்ளிகளில் சேர்ந்து, முதல் வகுப்பிலிருந்தே இந்தக் கோட்டு வரிசையைப் பழகும் தமிழ்ப் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள்.

யாருக்கு எவ்வளவு தேவை?

மூன்று, நான்கு மாதத்தில் என்5 அல்லது என்4 எழுத வேண்டியவர்: எட்டு விதிகளையும் முதல் 50 எழுத்துகளையும் முறையாகப் பழகினால் போதும். மீதி நேரத்தைச் சொற்களுக்கும் கேட்கும் பயிற்சிக்கும் கொடுப்பது தேர்வுக்கு உதவும்.

ஜப்பானில் தங்கி வேலை செய்யப் போகிறவர்: முதல் 100 எழுத்துகளோடு, சொந்த முகவரியில் வரும் மாகாணம், நகரம், கிழமை, தேதி ஆகியவற்றைக் கையால் எழுதப் பழகிக்கொள்வது நல்லது. பெயரைக் கதகானாவில் எழுதினால் போதும். அதற்கும் கோட்டு வரிசை உண்டு.

மொழிபெயர்ப்பாளராகவோ ஆசிரியராகவோ ஆக விரும்புகிறவர்: குறுக்குவழி இல்லை. பலகையில் எழுதிக் காட்ட வேண்டியவர் என்பதால் தொடக்கப் பள்ளிப் பட்டியலின் 1,026 எழுத்துகளையும் வரிசையோடு படித்தே ஆகணும்.

ஆரம்பத்திலேயே பிடித்துக்கொள்வதுதான் இதில் முக்கியம். நூறு எழுத்தைத் தவறான வரிசையில் பழகிவிட்டுப் பிறகு திருத்துவது, புதிதாக நூறு எழுத்து படிப்பதைவிடக் கஷ்டம். முதல் வாரத்தில் 'வாய்' எழுத்தின் அடிக்கோட்டைக் கடைசியில் போடக் கற்றுக்கொண்டால், பின்னால் வரும் நூற்றுக்கணக்கான எழுத்துகளில் அந்தக் கட்டம் தானாகச் சரியாக விழும்.